பதினைந்தாவது ஆட்டம்

பிளெக்ஸ் கடைக்காரன் மூன்றாவது முறையாகக் கூப்பிட்டபோது, சுந்தரராஜ் அக்காவின் மேசை இழுப்பறையைக் கட்டிலில் தலைகீழாகக் கொட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணாச்சி, போட்டோ வந்தாத்தான் பிரிண்டு போட முடியும். அடக்கம் மூணு மணிக்குன்னு சொன்னீங்கல்லா?"

"தாரேன். அஞ்சு நிமிசம்."

அந்த ஐந்து நிமிஷம் ஒரு மணி நேரமாக நீண்டுகொண்டிருந்தது. அவன் போனில் நாலாயிரம் படங்கள் கிடந்தன. புதுக் காரை மட்டுமே முப்பது கோணத்தில் எடுத்து வைத்திருந்தான். தேவகனி அக்கா தனியாக நிற்கிற படம் ஒன்றுகூட இல்லை. எந்த விசேஷத்திலும் "நான் எடுக்கேன், நீங்க நில்லுங்க" என்று போனை வாங்கிக்கொள்கிறவளை யார் படமெடுப்பது?

ஐம்பத்திரண்டு வயது. ஒரு கப்பல் ஏஜென்சியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள். கல்யாணம் இரண்டு முறை தட்டிப்போயிற்று. பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. மில்லர்புரத்தில் இந்த மாடி வீட்டில் தனியாக இருந்தாள். நேற்றுக் காலையில் வாசலில் பால் பாக்கெட் அப்படியே கிடப்பதைப் பார்த்துவிட்டுக் கீழ் வீட்டு அம்புரோஸ்தான் கதவைத் தட்டினார். தூக்கத்திலேயே போயிருக்கிறாள். தம்பி வீட்டிலிருந்து இங்கே காரில் பதினைந்து நிமிஷம்.

மே மாதம் வந்தால் அக்காவைப் பிடிக்க முடியாது. நூலகத்தில் குழந்தைகள் பகுதியைக் குடைந்து, காகிதத்தில் கொக்கு செய்கிற புத்தகம், கை நிழலில் நாய் காட்டுகிற புத்தகம் என்று அள்ளிக்கொண்டு வருவாள். எல்லாவற்றையும் முதலில் தானே செய்து பார்த்துவிடுவாள். பிள்ளை முன்னால் சொதப்பினால் மானம் போய்விடும் என்பாள். அந்தப் பிள்ளை, சுந்தரராஜின் மகள் ஸ்டெபி, பள்ளிக்கூடம் அடைத்த மறுநாளே பையோடு இங்கே வந்து இறங்கிவிடுவாள். இந்த வருஷம் இறங்கவில்லை. அபாகஸ், நீச்சல், ஸ்போக்கன் இங்கிலீஷ். "அடுத்த வாரம் கூட்டிட்டு வாரேன்க்கா" என்று மூன்று முறை சொல்லியிருந்தான்.

கட்டிலில் கொட்டியதில் ஒரு நூலகப் புத்தகம் இருந்தது. விடுமுறை விளையாட்டுகள். கடைசித் தாளில் வரிசையாக மூன்று தேதி முத்திரைகள். திருப்பிக் கொடுக்காமல் நீட்டித்துக்கொண்டே போயிருக்கிறாள்.

அப்போதுதான் ஜன்னலோர மேசையைப் பார்த்தான். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் கட்டங்கள். பழைய துறைமுகத்தில் தொடங்கி முயல் தீவைச் சுற்றித் திரும்புகிற பாதை. 'முத்துச்சிப்பி கிடைத்தது, மறுபடி உருட்டு.' 'எதிர்க்காற்று, இரண்டு கட்டம் பின்னால் போ.' படகுகளுக்குப் பதில் ஒரு சிவப்புப் பொத்தான், ஒரு நீலப் பொத்தான். நான்கு சோழிகள். இரண்டு பேர் ஆடவேண்டிய ஆட்டம். பக்கத்தில் ஒரு நோட்டு.

திறந்தான். நடுவில் கோடு. ஒரு பக்கம் தேவி என்று தன் பேரைச் சுருக்கி எழுதியிருந்தாள், மறு பக்கம் ஸ்டெபி. பதினான்கு ஆட்டம் முடிந்திருந்தது. ஒன்பதில் ஸ்டெபிக்கு வெற்றி. ஆறாவது ஆட்டத்துக்கு எதிரே எழுதியிருந்தாள்: 'ஸ்டெபி கள்ளாட்டம் ஆடினாள். மன்னித்தாயிற்று.'

முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். நேற்றிலிருந்து ஆள் மாற்றி ஆள் கட்டிக்கொண்டு அழுதபோதெல்லாம் வராத அழுகை இப்போது வந்தது.

"அப்பா, உங்கள அம்மா தேடுதா." ஸ்டெபி வாசலில் நின்றாள். அவன் நோட்டை மூடுவதற்குள் பார்த்துவிட்டாள். "இது எம்பேருல்லா. நான் எப்பப்பா வந்து விளாண்டேன்?"

போன வருஷத்து நோட்டு என்று சொன்னால் ஒன்பது வயசுப் பிள்ளை நம்பிவிடும். வாய் வரைக்கும் வந்தது.

"நீ வரலம்மா. அத்தையே உனக்கும் சேத்து விளாண்டிருக்காவ."

"நான் போணும்னு சொன்னேம்லா. நீங்கதான கிளாஸ் போயிரும்னீங்க."

"ஆமா. நாந்தான்."

அவள் மேசையருகே போய்க் குனிந்து பார்த்தாள். நோட்டில் பதினைந்து என்று எண் மட்டும் போட்டிருந்தது. சிவப்பு முயல் தீவைத் தாண்டியிருந்தது. நீலம் பின்தங்கி நின்றது.

"எனக்கு எப்பவும் நீலந்தான்" என்று சோழிகளைக் குலுக்கிப் போட்டாள். மூன்று விழுந்தது. எண்ணிக்கொண்டே நகர்த்தினாள். எதிர்க்காற்று. அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இரண்டு கட்டம் பின்னால் கொண்டுபோய் வைத்தாள். பிறகு சோழிகளைப் பொறுக்கி அவனிடம் நீட்டினாள்.

"இப்ப அத்தை மொறை."

வாங்கிக்கொண்டான். போடக் கை வரவில்லை. போன் மறுபடி அடித்தது.

"போட்டோ இல்ல தம்பி" என்றான். "பேரு மட்டும் போடுங்க."

கீழே பாட்டு தொடங்கியிருந்தது. அம்புரோஸ் படியில் நின்று, "சுந்தரு, பாஸ்டர் வந்துட்டாவ, எறங்கி வா" என்றார்.

பெட்டியைத் தூக்கியபோது தலைமாட்டில் சுந்தரராஜ் தோள் கொடுத்தான். கேட்டில் கட்டியிருந்த பிளெக்ஸில் தேவகனி என்ற பேர் மட்டும் இருந்தது. தெருவில் இறங்கி நடக்க நடக்க, அவன் சட்டைப்பையில் நான்கு சோழிகளும் சத்தம் போட்டுக்கொண்டே வந்தன.