முப்பத்தொன்றாம் பெட்டி

என் கோபத்தைப் பற்றி குரோம்பேட்டையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கஸ்டம்ஸ் வேலை பார்க்கிறவளுக்கு இவ்வளவு கோபம் ஆகாது என்று என் பழைய முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். அவரிடம் பதினொரு வருஷம் குப்பை கொட்டி, இரண்டு முறை தேர்வில் கோட்டை விட்டு, மூன்றாம் முறை தேறி, சத்யபிரியா என்று என் சொந்தப் பெயரில் புரோக்கர் லைசென்ஸ் வாங்கி அப்போது ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. ஜிஎஸ்டி ரோட்டில் ஒரு மருந்துக்கடை மாடியில் ஆபீஸ். வெளிநாட்டிலிருந்து சரக்கு வரவழைக்கிறவர்களுக்காகச் சுங்கத்தில் விவரம் தாக்கல் செய்து, வரி கட்ட வைத்து, சரக்கை வெளியே எடுத்துக் கொடுப்பது என் தொழில். ஒரு பொய்த் தாக்கல் என் பெயரில் ஏறினால் போதும், லைசென்ஸ் பறிபோகும்.

அதனால் எனக்கு ஒரு வழக்கம். கட்சிக்காரரிடம் எதைக் கேட்டாலும் எழுத்தில்தான் கேட்பேன். "ஆமாம்" என்கிற ஒரு வார்த்தையைக்கூட மெயிலில் அனுப்பச் சொல்லி வதைப்பேன். இந்த வதையிலிருந்து ஒருவருக்கு மட்டும் விலக்கு, ஹிதாயத்துல்லா பாய். பல்லாவரத்தில் ஸ்கூல் பை தைக்கிற பட்டறை வைத்திருப்பவர். நான் தனியாக வந்தபோது முதல் சரக்கைக் கொடுத்தவர் அவர்தான். அவரிடம் மட்டும் போனில் கேட்டு, போனிலேயே முடித்துவிடுவேன்.

மே மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் பாய் மூச்சிரைக்க மாடியேறி வந்தார். கையில் பால்கோவா டப்பா. மகள் ரூக்சாருக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். சீனாவிலிருந்து அவருக்கு ஜிப்பும் பக்கிளுமாக நாற்பது பெட்டி வந்து, துறைமுகத்துக் கிடங்கில் கிடந்தது. நான் தாக்கல் செய்து முடித்திருந்தேன். கம்ப்யூட்டர் அதைச் சோதனைக்கு எடுத்திருந்தது. மறுநாள் பதினொரு மணிக்கு அதிகாரி வந்து சில பெட்டிகளைத் திறந்து பார்ப்பார். இதெல்லாம் வழக்கமாக நடப்பதுதான் என்பதால் நான் கவலைப்படவில்லை.

"சத்யாம்மா, இதப் பாரேன். லின் மேடம் இன்னா பண்ணிக்கீது பாரு!" என்று போனை நீட்டினார்.

லின் மேடம் அவருக்கு ஜிப் விற்கிற சீனத்து வியாபாரி. ஆறு வருஷப் பழக்கம். பாய் பெருமை தாங்காமல் கல்யாணப் பத்திரிகையைப் படம் பிடித்து அவருக்கு அனுப்பியிருந்தார். பதிலுக்கு இப்போது ஒரு படம் வந்திருந்தது. பூப்போட்ட பீங்கான் தட்டுகள், கிண்ணங்கள், ஒரு முழு செட்.

"ரூக்சாருக்கு கிப்ட்டாம். நம்ம சரக்கோட சரக்கா வச்சு அனுப்பிக்கீது. முப்பத்தொண்ணாம் நம்பர் பெட்டி. சர்ப்ரைஸாம்மா!"

போனை அவர் பக்கமே தள்ளினேன்.

"உங்களுக்கு அறிவு இருக்கா பாய்?" என்று கத்தினேன். கீழே மருந்து வாங்க நின்றவர்கள் அண்ணாந்து பார்த்திருப்பார்கள். "ஜிப்பு, பக்கிள்னு நான் எழுதிக் கொடுத்திருக்கேன். உள்ள தட்டு இருந்தா அதுக்குப் பேரு கிப்ட் இல்ல, கடத்தல்! கல்யாணப் பத்திரிகைய எவனாவது சப்ளையருக்கு அனுப்புவானா?"

என் அப்பா வயது மனிதர். பால்கோவா டப்பாவை மேஜைமேல் வைத்துவிட்டு மெதுவாக உட்கார்ந்தார். "சந்தோஷத்துல அனுப்பிட்டேம்மா. அது தப்பா?" என்றார்.

அப்போதுதான் பதினாலு கிலோ வித்தியாசம் ஒன்று என் மண்டையில் உறைத்தது. லின் மேடத்தின் பட்டியலில் மொத்த எடை அறுநூற்றுப் பன்னிரண்டு கிலோ. கப்பல் கம்பெனியின் பத்திரத்தில் அறுநூற்று இருபத்தாறு. தாக்கல் செய்யும்போதே இதைப் பார்த்துவிட்டு, "பதினாலு கிலோ கூட இருக்கே பாய்?" என்று போனில் கேட்டேன். "அட்டைப்பெட்டி வெயிட்டா இருக்கும்மா, போட்டுடு" என்றார். போட்டுவிட்டேன். வேறு யாராயிருந்தாலும் எழுத்தில் வாங்கியிருப்பேன். எடை இடிப்பதைப் பார்த்தும் விசாரிக்காத புரோக்கர் என்று அதிகாரி எழுதினால் என் கதை முடிந்தது. நான் கேட்டேன் என்பதற்கு இந்த உலகத்தில் ஒரே சாட்சி, இப்போது நான் திட்டித் தீர்த்த மனிதர்.

விஷயம் கேள்விப்பட்டு அவருடைய மனைவியின் தம்பி அஸ்கர் வந்து சேர்ந்தார். பட்டறையில் அவரும் பங்காளி.

"இன்னாத்துக்கு மச்சான் பேஜாராவுற? நாப்பது பெட்டில நாலத்தான் தொறப்பாங்க. நம்ம பொட்டி வராமக்கூடப் போவும். கம்முனு இரு" என்றார். பிறகு என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அப்படியே மாட்டுனாலும் பில்லு போட்டது இவங்க. வெயிட்டு கூட இருந்துச்சுன்னா அவங்கதானே கேட்டிருக்கணும்? ஒண்ணுமே கேக்கலன்னு சொல்லிடு."

"தொறக்கிறதுக்கு முன்னாடி நாமே போய்ச் சொல்லிடலாம் பாய். திருத்தம் கேக்கலாம். அபராதம் போடுவாங்க, ஆனா கடத்தல் கேஸ் ஆகாது" என்றேன். எடையைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு நினைவூட்டுவது? பாய் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

மறுநாள் காலை குரோம்பேட்டை ஸ்டேஷனில் நின்று இரண்டு ரயிலை விட்டேன். அவர் வராவிட்டால் நான் மட்டும் போய் என்னவென்று சொல்வது? மூன்றாவது ரயில் பல்லாவரத்தில் நின்றபோது பாய் ஏறினார். ஜன்னலோரத்தில் என்னைக் கண்டதும் எதிரில் வந்து உட்கார்ந்தார். பீச் ஸ்டேஷன் வரும்வரை மருமகன் வீட்டாரைப் பற்றியும் பிரியாணிக்காரரைப் பற்றியும்தான் பேசினார். நான் தலையாட்டிக்கொண்டே வந்தேன். ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை.

கிடங்கில் அதிகாரி ஓர் அம்மாள். கண்ணாடியை மூக்கின் நுனியில் போட்டுக்கொண்டு, நான் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். லின் மேடம் அனுப்பிய செய்தியைப் பார்த்தார். பிறகு காகிதங்களைப் புரட்டினார். அவர் விரல் எடையில் போய் நின்றது.

"பதினாலு கிலோ வித்தியாசம் இருக்கே. இதைப் பாக்கலையாம்மா நீங்க?"

"பார்த்தேன் மேடம். போன்ல கேட்டேன்."

"எழுத்துல இருக்கா?"

இல்லை என்று தலையசைத்தேன். பாயின் பக்கம் திரும்பவும் தைரியம் இல்லை.

"கேட்டாங்க மேடம்," என்றார் பாய். "போன வாரம் வெள்ளிக்கிழமை, தொழுகைக்குக் கெளம்பிகினு இருந்தேன். வெயிட்டு கூட கீதேன்னு கேட்டாங்க. நான்தான் லின் மேடத்தைக் கேக்காம, அட்டைப்பெட்டியா இருக்கும்னு அசால்ட்டா சொல்லிட்டேன். தப்பு என்னுது."

"இதை எழுதிக் கொடுத்தா கவனக்குறைவு உங்க மேல வரும். அபராதம் நீங்கதான் கட்டணும். இனிமே உங்க சரக்கு ஒவ்வொண்ணையும் கொஞ்ச நாளைக்கு நிறுத்திப் பார்ப்பாங்க. தெரியுமா?"

"தெரியும் மேடம். பேனா கொடுங்க."

ஒரு மரப்பெட்டியின் மேல் தாளை வைத்து, பள்ளிக்கூடப் பையன் மாதிரி பெரிய பெரிய எழுத்தாக எழுதினார். சத்யபிரியா அவர்கள் என்னிடம் கேட்டார்கள் என்ற வரியை எழுதிவிட்டு, தேதி சரியா என்று என்னையே கேட்டார். என் கண் கலங்கியிருந்ததால் தேதி எனக்குத் தெரியவில்லை.

அதிகாரி அம்மாள் முப்பத்தொன்றாம் பெட்டியைத் திறந்து தட்டுகளை எண்ணச் சொன்னார். அவற்றுக்கு விலை வைத்து, வரி போட்டு, திருத்தம் முடிய பத்து நாளாவது ஆகும். நிக்காஹுக்கு அவை வந்து சேராது. ஜிப்பும் பக்கிளும் அதுவரை கிடங்கிலேயே கிடக்கும், பட்டறையில் தையல் நிற்கும். என் மேல் எந்த நடவடிக்கையும் இல்லை.

வெளியே டீக்கடையில் நின்றோம். "பாய், நேத்து நான் பேசினது ரொம்பத் தப்பு" என்று ஆரம்பித்தேன். "நீங்க இன்னைக்கு ஒரு வார்த்தை மாத்திச் சொல்லியிருந்தா என் பதினொரு வருஷமும் போயிருக்கும். எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

"நீ கேட்டே. கேட்டாங்கன்னு எழுதினேன். இதுல இன்னாம்மா கீது? டீய குடி, ஆறிப்போவுது."

அவருடைய போன் அடித்தது. அஸ்கர். பாய் ஸ்பீக்கரில் போட்டார்.

"மச்சான், எந்தெந்தப் பொட்டிய தொறக்கணும்னு லிஸ்டு வச்சிருப்பாங்களே, முப்பத்தொண்ணு இருந்துச்சா?"

பாய் என்னைப் பார்த்தார். கிடங்கில் கொடுத்த காகிதங்களோடு அந்தப் பட்டியலின் நகலும் என் கையில்தான் இருந்தது. அதுவரை நான் அதைப் படிக்கவே இல்லை. நான்கு, பதின்மூன்று, இருபத்திரண்டு, முப்பத்தெட்டு. பேசாமல் இருந்திருந்தால் அவருக்கு அபராதம் இல்லை. நாளைக்கே சரக்கு பட்டறையில், ஞாயிற்றுக்கிழமை தட்டுகள் மகள் கையில். தாளை அவரிடம் நீட்டினேன்.

அவர் நான்கு எண்களையும் நிதானமாகப் படித்தார்.

"இல்ல மச்சான், லிஸ்டுல இல்ல."

"அப்பவே சொன்னேனே! கம்முனு இருந்திருந்தா…"

"நல்ல வேளை, முன்னாடியே சொல்லிட்டோம்" என்றார் பாய். "இல்லன்னா தப்பிச்சிருப்போம்."

நான் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, நடுரோடு என்றும் பார்க்காமல், அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.