இரண்டு வீட்டு எண்ணெய்

என் மூன்று மூட்டை ஆலிவையும் பார்த்துவிட்டு ஆலைக்கார ஹம்தான் உதட்டைப் பிதுக்கினான்.

“பத்தாது உம்மு யசான். தொட்டி பாதிகூட ரொம்பாது. அப்படியே ஓட்டுனா மெஷின் போயிரும். இப்பத்தான் அதுக்கு உசுரே வந்திருக்கு.”

எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவர்களை மூத்த மகனின் பெயரால்தான் கூப்பிடுவார்கள், அம்மாவை உம்மு, அப்பாவை அபு என்று. நான் யசானின் அம்மா, உம்மு யசான். அவன் மண்ணுக்குள் போன பிறகும் அதுதான் என் பெயர்.

இரண்டு ஊருக்கும் நடந்த சண்டையில் கூரை போன ஆலை அது. மோட்டார் மேலூரில் இருந்தது, தொட்டி எங்கள் கீழூரில். திருடியது யார், காப்பாற்றியது யார் என்று இன்னும் வாய்த்தகராறு ஓயவில்லை. எப்படியோ இரண்டும் வந்து சேர்ந்துவிட்டன. கரிக்கட்டையாக நின்ற என் மரங்களும் துளிர்த்து, இந்த வருடம் காய்த்தே விட்டன. மூட்டைக்குள் கை விட்டேன், காய் சூடேறியிருந்தது. நாளைக்கு வைத்தால் பூஞ்சைதான். வருடம் முழுக்க வீட்டில் எண்ணெய் இருக்காது.

ஹம்தான் சுவரோரம் காட்டினான். தன் மூட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தார் மேலூர் அபு ஷாஹீன்.

“அவர்கிட்டயும் இதே அளவுதான். சேத்துப் போட்டா ஒரு ஈடு வரும்.”

நாங்கள் யாரோடும் காயைக் கலப்பதில்லை. நல்ல காலத்திலேயே கலந்ததில்லை. அதிலும் இவரோடா? ஊர்களுக்கு நடுவே உள்ள பாலத்துக்கு அந்தப் பக்கம் அவர் மகன் ஷாஹீன் விழுந்தான், இந்தப் பக்கம் என் யசான். யாருடைய குண்டு யாரை எடுத்தது என்று யாருக்கும் தெரியாது. தெரியாததுதான் இத்தனை வருடம் இரண்டு வீட்டையும் அரித்தது.

“அந்தம்மா காய்ல புழு இருக்கும்,” என்றார் அவர், ஹம்தானைப் பார்த்து.

“அவர் மூட்டைல பாதி இலதான்னு சொல்லு.”

“ரெண்டு பேரும் இங்கதான இருக்கீங்க? நான் என்ன தூதுவனா?” என்று எரிந்து விழுந்தான் ஹம்தான்.

அவர் எழுந்து வந்தார். என் மூட்டையிலிருந்து ஒரு காயை எடுத்து நசுக்கினார். விரல் பளபளத்தது.

“மரத்துக்குத் தண்ணி எங்கருந்து?” முதல் முறையாக என்னிடமே கேட்டார்.

“பாலத்துக்குக் கீழருந்து. வாளில சொமந்தேன்.”

நசுக்கிய காயை முகர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து, என் மூட்டைகளைத் தூக்கித் தொட்டியில் கவிழ்த்தார். அதன் மேலேயே தன்னுடையவற்றையும். எது யாருடைய காய் என்று எனக்கே தெரியவில்லை.

மோட்டார் இருமியது, பிறகு ஓடியது. குழாயின் வாயில் ஒரு சொட்டு திரண்டு, நின்று, நூலாக இறங்கியது. பச்சை. அப்படியொரு பச்சை! அறுத்த புல்லின் வாசனை ஆலையை நிறைத்தது. வாழ்நாளெல்லாம் எண்ணெய் பார்த்தவள் நான், இப்படியொன்றைப் பார்த்ததில்லை. எரிந்த மண்ணுக்குள் இது எங்கே ஒளிந்திருந்தது?

முதல் எண்ணெயை உரியவர்தான் ரொட்டியில் தொட்டுத் தின்ன வேண்டும். ஆலைக்காரன் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். ஹம்தான் ரொட்டியை ஏந்தியபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“உம்மு யசான்,” என்றார் அவர். “மொதல்ல நீங்க.”

அவர் வாயில் என் பிள்ளையின் பெயர்.

ரொட்டியைப் பிய்த்து நனைத்தேன். பாதியை அவரிடம் நீட்டினேன். இனி நான் கூப்பிட வேண்டும். அவருக்கும் அந்த ஒரு பெயர்தான்.

“அபு ஷாஹீன்…”

பச்சை எண்ணெய் ரொட்டியிலிருந்து வழிந்து, என் மணிக்கட்டைத் தாண்டி முழங்கைக்கு இறங்கிக்கொண்டிருந்தது.