இசக்கிமுத்துவின் மணல் வாளி

...முடியாதென்றால் முடியாதுதான், அதில் பெரிய மனிதர் என்ன, சின்ன மனிதர் என்ன, என்று நினைத்தபடி இசக்கிமுத்து வங்கி வாசலில் நெஞ்சை இன்னும் ஓர் அங்குலம் நிமிர்த்திக்கொண்டார். தோளில் இரட்டைக்குழல் துப்பாக்கி, குழல் வானத்தைப் பார்த்து, விரல் விசைக்கு வெளியே, எல்லாம் அதனதன் இடத்தில். உள்ளே ஒரு நாள் முந்தியே முடித்த ஆயுத பூஜையின் சாம்பிராணிப் புகை இன்னும் அடங்கவில்லை. நாளை முதல் விடுமுறை, அதனால் வீரபாண்டிப் பகுதியின் பனியன் கம்பெனி ஆட்களில் பாதிப்பேர் இந்தக் கிளைக்குள்தான் இருந்தார்கள், இந்திக்காரத் தொழிலாளிகள், இடுப்பில் குழந்தையோடு பெண்கள், ஃபேனுக்கு அடியில் நிற்க இடமில்லை. இந்த நெரிசலில் வைத்துத்தான் கேட்டார் பழனிமுத்து, மூன்று கம்பெனிக்கு முதலாளி, மேனேஜரே எழுந்து நின்று பேசுகிற வாடிக்கையாளர். "ஏனுங்க, அதைக் கொஞ்சம் இப்படிக் குடுங்க, பூசையன்னிக்கு ஒரு போட்டா எடுத்துக்கறனுங்க. எங்கூட்லயும் லைசன்ஸ் துப்பாக்கி இருக்குதுங்க, எனக்குப் பழக்கந்தானுங்க." மேனேஜர் நித்யஸ்ரீ கண்ணாலேயே கெஞ்சினாள், கொடுத்துத் தொலையுங்களேன் என்று. அடுத்த மாதம் இசக்கிமுத்துவின் காவல் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கையெழுத்துப் போட வேண்டியவள் அவள்தான், அது அவருக்குத் தெரியாதா என்ன? இருந்தும் சொன்னாரே! "தப்பா நினைச்சுக்கிடாதிய ஐயா. தோட்டா இருந்தாலும் இல்லாட்டாலும், இத்தனை சனத்துக்கு நடுவுல இது என் கைய விட்டுப் போவாது." பழனிமுத்துவின் முகம் சுண்டிப்போயிற்று. சுண்டட்டும், வேலை போனால் போகட்டும், ராணுவத்தில் பதினேழு வருடம், இந்த வாசலில் பதினொரு வருடம், ஒரு பிசகு உண்டா, யாராவது விரல் நீட்டிச் சொல்ல முடியுமா?

சாயங்காலம் அக்காவிடம் சொல்ல வேண்டும். கருத்தம்மா அக்கா இதைக் கேட்டால் அனுப்பர்பாளையத்தில் தன் கம்பெனியில் துணி சரிபார்க்கிற செக்கிங் டேபிள் முழுக்கச் சொல்லித் தீர்த்துவிடுவாள், என் தம்பி துப்பாக்கி பிடிச்சா அதுக்குப் பக்கத்துல தொட்டில் கட்டலாம்னு... அவளுக்குத்தானே தெரியும் அதன் அருமை. வலது காலில் இரண்டு விரல் இல்லாமல் நாற்பது வருடமாக நடக்கிறவள். நாங்குநேரிப் பக்கம் ஊர்க் கோயில் கொடைத் திருவிழா, வில்லுப்பாட்டுக்கு முண்டியடித்த கூட்டம், நடுவில் ஊரிலேயே லைசன்ஸ் வைத்திருந்த ஒரே ஆள் ராக்கையா, சலவை வேட்டியும் துப்பாக்கியுமாக. குழலை மடக்கி ஒடித்து, தோட்டா போட்டு, மூடிக் காட்டினார், படார் என்றது, அக்கா உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவுதான். குடிகாரப் பாவி! அக்கா மட்டும் இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டாள். "அவரு குடிக்கவே மாட்டாருலே, நல்ல மனுசன்" என்பாள். பின்னே எப்படி வெடித்தது என்றால் பதில் சொல்லத் தெரியாது, பாவம், வெள்ளந்தி. குடித்திருந்தால்தான் ஒருவன் அப்படிச் செய்வான், ஜனக் கூட்டத்தில் தோட்டா போடுவான். அதனால்தானே இசக்கிமுத்து வங்கிக்குப் பின்னால், ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில், ஒரு மணல் வாளி வைத்திருக்கிறார். தோட்டா போடுவதும் எடுப்பதும் அங்கேதான், குழல் மணலைப் பார்த்து, அதற்கு முன் குழலுக்குள் கண்ணை வைத்து வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்து... தினமும் எதற்கு இந்தக் கூத்து என்று நித்யஸ்ரீகூட ஒருநாள் சிரித்தாள். சிரிக்கட்டுமே, யாருக்கு நஷ்டம்?

இன்றைக்கும் வாளிக்கு முன்னால்தான் தோட்டாவை எடுத்துப் பையில் போட்டார், வெறும் துப்பாக்கியை ஒடித்தபடியே கொண்டுவந்து கம்ப்யூட்டருக்கும் நோட்டு எண்ணும் மெஷினுக்கும் நடுவில் கிடத்தினார், குழல் சுவரைப் பார்க்க, தான் ஓர் அடி தள்ளி நிற்க. பெருக்கித் துடைக்கிற ஜோதிகா எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தாள், சும்மா சொல்லக் கூடாது, மனசார வைத்தாள். குழல் வாயிலும் கெட்டியாக அப்பி, போதாததற்கு ஒரு செவ்வந்தியையும் சொருகினாள். "பூந்தொட்டின்னு நினைச்சியா தாயீ?" என்று அவர் பூவைப் பிடுங்க, எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம்தான் பழனிமுத்து கேட்டது, அவர் மறுத்தது, அப்புறம் பையிலிருந்து இரண்டு தோட்டாவையும் எடுத்து... என்ன சத்தம் அது, க்ளக் என்று, மூடியபோது! அத்தனை தலையும் திரும்பிற்று. ஒருத்தி தன் குழந்தையின் காதைப் பொத்தினாள். பழனிமுத்துகூட ஓர் எட்டுப் பின்னால்...

பொறு. அத்தனை தலையும் எப்படித் திரும்பும்? ஜெனரேட்டர் அறைப் பக்கம் ஒரு தலையும் கிடையாதே? அப்படியென்றால் தோட்டா போட்டது இங்கேயே, கூட்டத்துக்கு நடுவிலா, குழலுக்குள் பார்க்காமலா?

கதவைப் பார்த்துக்கொள்ளும்படி ஜோதிகாவிடம் சொல்லிவிட்டு, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார், ஓடவில்லை, ஓடக் கூடாது என்று தெரியும், கால்தான் கேட்கமாட்டேன் என்றது. குழலை மணலுக்குக் காட்டி ஒடித்தார். தோட்டா ஒன்று, இரண்டு. வானத்துக்கு நேரே பிடித்துக் கண்ணை வைத்தார். இடது குழலில் வட்டமாக வானம். வலது குழலில் வானமே இல்லை, ஓரத்தில் நகக்கீற்றளவு வெளிச்சம். குழல் துடைக்கும் கம்பியை விட்டுத் தள்ளியதும் வந்து விழுந்தது ஒரு விரல் நீளச் செவ்வந்திக் காம்பு, சுற்றிலும் சந்தனம் காய்ந்து கட்டி தட்டி. சுட்டிருந்தால் குழலே பிளந்திருக்கும். அந்தக் குழந்தை எவ்வளவு தூரத்தில் இருந்தது, நாலடியா, ஐந்தடியா? ஒரு மணி நேரமாக இதைத் தோளில் வைத்துக்கொண்டா நெஞ்சை நிமிர்த்தினேன்? குழல் இரண்டையும் துடைத்து, மறுபடி பார்த்து, மறுபடி ஒருமுறை பார்த்து, மணலுக்கு முன்னால் தோட்டா போட்டு, சத்தமில்லாமல் மூடினார். காம்பை எறிய மனம் வரவில்லை, கைக்குள் பொத்திக்கொண்டார்.

வாசலுக்கு வந்தால் எதிரே பழனிமுத்து, பின்னால் நித்யஸ்ரீ. ஊருக்கே கேட்கிற குரலில், "நாந்தானுங்க தப்பு, கூட்டத்துல வெச்சு அதைக் கேட்டிருக்கவே கூடாதுங்க" என்றார் பழனிமுத்து. "உங்களாட்ட ஆளு நிக்கறதாலதான் நாங்கெல்லாம் பயமில்லாம வந்து போறமுங்க. இவர விட்டறாதீங்க கண்ணு" என்று நித்யஸ்ரீயிடம் வேறு சொன்னார். அவள் முகமெல்லாம் சிரிப்பு. வரிசையில் யாரோ கை தட்டினார்கள். எத்தனை வருடமாகக் காத்திருந்த சொல், உடம்பெல்லாம் குளிர்ந்திருக்க வேண்டாமா... உள்ளங்கையில் காம்பு உறுத்தியது. பழனிமுத்து படியிறங்கினார். "ஐயா, ஒரு நிமிசம் நில்லுங்க" என்று வாய் சொல்லிவிட்டது.

அவர் திரும்பினார், கூட்டமும் திரும்பியது. க்ளக் சத்தத்துக்குத் திரும்பினார்களே, அதே முகங்கள், அதே மரியாதை. அப்போது எவ்வளவு இனிப்பாக இருந்தது அது! ராக்கையாவும் அன்றைக்குத் தோட்டா போட்டுவிட்டு இப்படித்தானே சுற்றுமுற்றும் பார்த்துச் சிரித்தார்... இசக்கிமுத்து காம்பைக் காட்டக் கையை விரிக்கலாமா என்று நின்றார். அக்கா, அவர் நிஜமாகவே குடிக்கவில்லையோ?