படிக்காமல் விட்ட வரி

பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். மருந்துக் குப்பியில் ஒட்டியிருப்பதை மூன்று முறை படிக்காமல் ஊசியில் ஏற்ற மாட்டாள். உள்ளங்கை அகலமே இருக்கும் பிள்ளைகள். ஒரு சொட்டு கூடினாலும் ஆபத்து. பதினான்கு வருடத்தில் அவள் கையால் ஒரு பிழை நடந்ததில்லை.

அப்படிப்பட்டவள்தான் படிப்பைத் தேர்ந்தெடுப்பதில் கோட்டை விட்டாள்.

நோயாளியைத் தானே பரிசோதித்து மருந்தும் எழுதித் தரும் நர்ஸ் பிராக்டிஷனர் ஆகி, அதே வார்டுக்குத் திரும்ப வேண்டும். அவளுடைய ஆசை அவ்வளவுதான். கேன்டீன் மேசையில் இரண்டு கல்லூரிகளின் விவரத்தாள்கள் கிடந்தன. ஒன்று பச்சிளம் குழந்தைகளுக்கென்றே உள்ள படிப்பு. வாரம் இரண்டு நாள், நான்கு மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டும். மற்றது குடும்ப மருத்துவப் பிரிவு. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் படிக்கலாம்.

"பஸ்ல வாங்கக்கா. நான் பேசிட்டே வந்தா நாலு மணி நேரம் போறதே தெரியாது," என்றாள் வாயாடி. அவளைவிட எட்டு வயது இளையவள், அதே வார்டு நர்ஸ்; பஸ்ஸில் போகும் படிப்பில் சேர முடிவு செய்திருந்தாள்.

"நேரம் தெரியாதுதான்டி. இறங்கும்போது காது இருக்குமா?"

"காதுக்கு நானே மருந்து எழுதித் தர்றேன், படிச்சு முடிச்சுட்டு."

"போடி. பதினாலு வருஷமா பாக்குற பிள்ளைங்களப் பத்தி எனக்கு யாரு புதுசா சொல்லித் தரணும்? பட்டம்னு ஒண்ணு இருந்தா போதும்."

அவள் எலும்பு முறிவு வார்டில் தொடங்கியவள். அதே உரிமத்தோடு பிரசவ வார்டுக்குப் போனாள், பிறகு இங்கே வந்தாள். எந்தக் கதவும் அவளை எதுவும் கேட்டதில்லை. மேற்படிப்பும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து, வீட்டிலிருந்தே படிக்கும் கல்லூரியின் விண்ணப்பத்தை நிரப்பினாள்.

"எல்லாத்தையும் நல்லா படிச்சுப் பாத்துட்டியாம்மா?" என்று கணவர் கேட்டார்.

"என்கிட்டயா கேக்குறீங்க?"

அவர் சிரித்தபடி அதோடு விட்டுவிட்டார்.

மூன்று வருடம் கழித்து, பட்டத்தோடு தலைமை மருத்துவரின் அறையில் உட்கார்ந்தாள். அவர் சான்றிதழை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார்.

"உங்களை எடுத்துக்க எனக்குக் கசக்குமா சிஸ்டர்? ஆனா இது குடும்ப மருத்துவ உரிமம். கிளினிக்ல பாக்கலாம். இந்த வார்டுல நீங்க மருந்து எழுத முடியாது. விவரத்தாள்லயே போட்டிருப்பாங்களே."

போட்டிருந்தார்கள். வீட்டுக்குப் போய்ப் பழைய பெட்டியைக் கிளறி எடுத்தாள். இரண்டாம் பக்கத்தின் கடைசி வரி. மூன்று முறை படித்தாள். இந்த வார்டுக்கான படிப்புக்காக இன்னும் இரண்டு வருடம் உட்கார்ந்து படிக்க உடம்பிலும் தெம்பில்லை, மனசிலும் தெம்பில்லை.

பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு கிளினிக்கில் சேர்ந்தாள். இருமல், ரத்த அழுத்தம், முழங்கால் வலி. வருகிறவர்கள் அவளை மிகவும் மதித்தார்கள். அதற்கு ஒரு குறையும் இல்லை.

ஒருநாள் காலை, பழைய தோழிகளைப் பார்க்க வார்டுக்குப் போனாள். வாசலில் இருந்த கை கழுவும் தொட்டியைக் கண்டதும் கைகள் தாமாகவே கடிகாரத்தைக் கழற்றின. முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி முடித்த பிறகுதான், தான் எந்தப் பிள்ளையையும் தொடப்போவதில்லை என்பது நினைவுக்கு வந்தது. ஈரக் கைகளை மேலே தூக்கியபடியே நின்றாள்.

வாயாடி வெளியே வந்தாள். இப்போது அவள் இந்த வார்டின் நர்ஸ் பிராக்டிஷனர். கையில் அப்போதுதான் எழுதிய மருந்துத் தாள்.

"நல்ல நேரத்துல வந்தீங்கக்கா. இதை ஒரு தடவை பாருங்களேன். நீங்க பாத்தாத்தான் எனக்கு நிம்மதி."

"அது என் வேலை இல்லடி. உள்ள யாருகிட்டயாவது காட்டு."

வாயாடியின் முகம் வாடியது. தாளை மடித்துக்கொண்டாள்.

அதற்குள் பூதக்கண்ணாடியின் கண்கள் அதை மூன்று முறை படித்துவிட்டிருந்தன. எல்லாம் சரியாகத்தான் இருந்தது.