ஆறாம் பெட்டியில் இரண்டு நிமிடம்

1

இந்தக் கதை ஒரு காலுறையில் தொடங்கியது.

இப்படி எழுதிவிட்டு எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். பிறகுதான் உறைத்தது, அது பாதி உண்மைதான். கதை தொடங்கியது ஏழு வருடத்துக்கு முன் நான் வாய் கூசாமல் சொன்ன ஒரு பொய்யில். காலுறை அதைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான்.

விடுமுறை நாளின் காலை. தரையில் உட்கார்ந்து காலுறை மாட்டப் போன என் மகள், குதிகாலைத் திருப்பிப் பார்த்தாள். அங்கே கடுகளவில் ஏழெட்டு வெளிர் புள்ளிகள்.

"அப்பா, இது என்ன புள்ளி?"

"நீ பிறந்தப்ப ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்தாங்கம்மா. அந்தத் தழும்பு."

"வலிச்சுதா?"

"நீ அழவே இல்ல. அவ்வளவு சமத்து."

"நீ பாத்தியா?"

எனக்குத் திடீரென்று தாகம் எடுத்தது. சமையலறைக்குப் போய் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, "இரு, அதை ஒரு கதையா எழுதித் தரேன்" என்றேன். அவள் நம்பவில்லை. ஆனாலும் ஒரு காலில் காலுறையோடும் மறுகால் வெறுமையாகவும் காத்திருக்கிறாள். நீங்கள் இதை வாசிக்கும்போதும் அப்படியேதான் இருக்கிறாள், ஆகவே கொஞ்சம் வேகமாக எழுத வேண்டும்.

2

தொடக்கங்கள்.

வெள்ளை வெளேரென்ற ஓர் அறையில் ஒரு தேவதை — வேண்டாம். நர்ஸைத் தேவதை ஆக்கிவிட்டால் அவருக்குக் கால் வலிக்காது, பசிக்காது, தப்பு நடக்காது. எனக்குத் தப்பு செய்கிற நர்ஸ் வேண்டும்.

வலி என்பது மனிதன் பேசும் முதல் — கட்டுரை வாடை அடிக்கிறது.

அவரை எல்லாரும் 'ரெண்டு நிமிஷம்' என்றுதான் கூப்பிட்டார்கள். — இது நிற்கும்போல இருக்கிறது.

காரணம் எளிது. குறைமாதக் குழந்தைகள் இருக்கும் அந்த வார்டில், யாருக்கு ஊசி குத்துவதானாலும் அவர் முதலில் குழந்தையின் நாக்கில் ஒரு சொட்டு சர்க்கரைத் தண்ணீர் விடுவார். அது வேலை செய்ய இரண்டு நிமிடம் ஆகும். அதுவரை பெரிய டாக்டரே வந்தாலும் ஊசி காத்திருக்க வேண்டும். யாராவது அவசரப்பட்டால் விரல் இரண்டைக் காட்டுவார்.

[அடிக்குறிப்பு போல ஒன்று: அந்தத் தண்ணீர் அங்கே மருந்தைப்போல அளந்து கொடுக்கிற சமாச்சாரம். வீட்டில் யாரும் கரைத்து ஊற்றிவிடாதீர்கள். கதை எழுதுகிறவனுக்கும் கொஞ்சம் பொறுப்பு உண்டு.]

3

எனக்கு நிச்சயமாகத் தெரிந்தவை மூன்றே.

என் மகள் பதினொரு வாரம் முன்னதாகப் பிறந்து ஆறாம் பெட்டியில், அதாவது ஆறாம் இன்குபேட்டரில், படுத்திருந்தாள். எடை ஒரு கிலோ சொச்சம்.

அன்று மதியம் லேப்காரர் ரத்தம் எடுக்க வந்தபோது நான் நைசாக நழுவி வெளியே போய், வராந்தாவில் தொங்கிய தீயணைப்புக் கருவியின் மேல் எழுதியிருந்த வழிமுறையை வாசித்துக்கொண்டிருந்தேன். இன்றும் மனப்பாடமாகச் சொல்வேன்.

மறுநாள் பெட்டியில் மாட்டியிருந்த வலித் தாளை, அதாவது குழந்தைக்கு எவ்வளவு வலி என்று நர்ஸ் மதிப்பெண் போடும் தாளை, பார்த்தேன். முந்தைய நாட்களில் எல்லாம் பூஜ்யம். அந்த மதியத்துக்கு எதிரில் மட்டும் ஒரு பூஜ்யம் எழுதி, ஒரே கோட்டில் அடித்து, மேலே ஒன்பது என்று போட்டிருந்தது.

ஏன் என்று யாரிடமும் கேட்கவில்லை. அந்தக் கோட்டுக்குப் பின்னால் என்ன நடந்தது என்பதைத்தான் இப்போது கற்பனை செய்யப் போகிறேன்.

(நான்காவதாகத் தெரிந்த ஒன்றும் இருக்கிறது. அதைச் சொல்லத் தைரியம் வரட்டும்.)

4

அந்த அறையில் மதியம் என்பது மங்கலான ஒரு நீலம். பெட்டிகளின் மேல் பூப்போட்ட துணி போர்த்தியிருக்கும். உள்ளே இருப்பவர்கள் இன்னும் பிறக்காத மாதங்களைப் படுத்தபடியே வாழ்ந்துகொண்டிருப்பார்கள். 'ரெண்டு நிமிஷம்' சிஸ்டர் அங்கே நடந்தால் செருப்புச் சத்தம்கூடக் கேட்காது.

ஆறாம் பெட்டியின் வட்டச் சன்னலைத் திறந்து, நாக்கில் சொட்டு விட்டு, மணி பார்த்தார். நேரம் ஆனதும் தலையசைத்தார். லேப்காரர் குத்தினார். குழந்தை அழவில்லை, முகம்கூடச் சுளிக்கவில்லை. அவர் தாளில் பூஜ்யம் எழுதினார்.

"இது சமத்து சிஸ்டர். குத்தினதே அதுக்குத் தெரியல" என்றார் லேப்காரர். பிறகு குழாயைத் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "ரத்தம் பத்தல. அடுத்த காலையும் குத்தணும்."

சமத்து. ஓசைப்படுத்தாத பிள்ளைக்கு நாம் கொடுக்கும் பட்டம். அந்தச் சொல் அவரை என்னவோ செய்தது. பேனாவை மூடாமல் குழந்தையைப் பார்த்தார். முகம் களிமண்போல அசைவற்றிருந்தது. ஆனால் துணிக்கு வெளியே ஒரு கை கிடந்தது. அதன் ஐந்து விரல்களும் அகல விரிந்து, விரிந்தபடியே நின்றன.

மானிட்டரைப் பார்த்தார். இதயத் துடிப்பு ஏறியிருந்தது. ஆக்சிஜன் இறங்கியிருந்தது.

அப்போது அவருக்கு நினைவு வந்தது. இவ்வளவு சீக்கிரம் பிறந்த குழந்தைக்கு நெற்றியைச் சுருக்கவே தெம்பு இருக்காது. அதனால் அந்தத் தாளில் முதலிலேயே சில மதிப்பெண்களைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அந்தக் கட்டத்தை அவர் மூன்று நாட்களாக நிரப்பவே இல்லை. அழாத பிள்ளை என்ற நிம்மதியில் பூஜ்யம், பூஜ்யம் என்று எழுதிக்கொண்டு போயிருக்கிறார். டாக்டரும் பூஜ்யத்தைப் பார்த்துவிட்டு ஏழாம் பெட்டிக்குப் போயிருக்கிறார்.

பூஜ்யத்தை அடித்தார்.

"நான் எடுத்துடவா சிஸ்டர்?"

"ரெண்டு நிமிஷம்."

மறுபடியும் ஒரு சொட்டு. ஆனால் இந்தப் பிள்ளைக்குச் சொட்டு மட்டும் போதாது. யாராவது ஒருவர் ஒரு கையைத் தலையில் கவிழ்த்து, இன்னொரு கையால் கைகால்களை மடக்கி அணைத்தாற்போல வைத்திருக்க வேண்டும், வயிற்றுக்குள் இருந்தபோது இருந்ததைப்போல. தடவக் கூடாது, தட்டக் கூடாது, சும்மா வைத்திருக்க வேண்டும். அவரிடம் கை இருந்தது. ஆனால் அந்த நேரம் பார்த்து இரண்டாம் பெட்டி அலறத் தொடங்கியது.

"இதோட அப்பா எங்க?" என்றார்.

5

இங்கேதான் பேனா நின்றுவிட்டது. முடிவு எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: அப்பா கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறார். கை கழுவுகிறார். அவருடைய பெரிய உள்ளங்கைக்குள் அந்தச் சின்னத் தலை —

"இது எப்ப நடந்துச்சு?" என்றார் ரெண்டு நிமிஷம், தாளிலிருந்து தலையைத் தூக்கி.

நான் பேந்தப் பேந்த விழித்தேன். "கதைதானே சிஸ்டர்."

"நான் தப்பா எழுதினதை நானே அடிச்சேன். நீங்க?"

சரி. நான்காவது உண்மை. வராந்தாக் கதவு திறந்த சத்தம் எனக்குக் கேட்டது. "ஆறாம் பெட்டி அப்பா, ரெண்டு நிமிஷம் இருக்கு. கை கழுவிட்டு உள்ள வாங்க" என்று அவர் கூப்பிட்டதும் கேட்டது. நான் திரும்பவில்லை. காதில் விழாதவன்போலப் படியேறி மூன்றாம் மாடிக்குப் போனேன். அங்கே என் மனைவி வயிற்றில் தையலோடு, எழுந்து வர முடியாமல் படுத்திருந்தாள்.

"குத்தினாங்களா? அழுதாளா?"

"அழவே இல்ல. சமத்து."

அவள் முகம் தெளிந்து, அன்றுதான் முதல்முறையாக அசந்து தூங்கினாள். அதனால் அந்தப் பொய் நல்ல பொய் என்று ஏழு வருடமாக எனக்கு நானே சமாதானம் சொல்லிவந்தேன். இதை அவளும் வாசிப்பாள். எனக்குப் பயமாக இருக்கிறது.

6

இரண்டாம் முடிவை எழுதவில்லை. எழுந்துபோய் மகளிடம் சொல்லிவிட்டேன்.

"உனக்கு வலிச்சுதும்மா. நீ அழலைன்னாலும் வலிச்சுது. அப்பா பாக்கல. கூப்பிட்டாங்க, நான் போகல. பயந்துட்டேன்."

அவள் குதிகாலை மறுபடி திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப என்னை யாரு பிடிச்சா?"

"தெரியல."

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் வெறுங்காலை என் மடியில் வைத்து, தலையை என் தோளில் சாய்த்தாள். "எப்படிப் பிடிக்கணும்?" என்றாள். காட்டினேன். ஒரு கை தலையில், ஒரு கை மடக்கிய முழங்காலில். இப்போது முழங்காலே என் கைக்குள் அடங்கவில்லை.

"ரெண்டு நிமிஷம் பிடி. நான் எண்றேன். தடவக் கூடாது."

எண்ணத் தொடங்கினாள். முப்பது வரை வீடு வீடாகத்தான் இருந்தது. ஐம்பதில் சன்னல் வெளிச்சம் மங்கி நீலமானது. எழுபதில் நாற்காலிமேல் கிடந்த பூப்போட்ட துணியை எங்கேயோ பார்த்ததாகத் தோன்றியது. தொண்ணூறில் என் கைக்குக் கீழே இருந்த தலை சிறுத்துச் சிறுத்து ஒரு சாத்துக்குடி அளவு வெதுவெதுப்பாகிவிட்டது. லேப்காரர் ஊசியோடு நிற்கிறார், அவருக்கும் அவசரமில்லை. நர்ஸ் இரண்டாம் பெட்டியிலிருந்து திரும்பி வந்து மணி பார்க்கிறார். நாக்கில் விழுந்த சொட்டை யாரோ சப்புக்கொட்டுகிற சத்தம் கேட்கிறது.

நூற்றுப் பதினெட்டு.

நூற்றுப் பத்தொன்பது.

என் மகள் நிறுத்திவிட்டு உங்களைப் பார்க்கிறாள். மிச்சமிருக்கிற எண்ணை அவளும் சொல்லப் போவதில்லை, நானும் எழுதப் போவதில்லை. நீங்கள் சொல்லும்வரை ஊசி இறங்காது. ஆனால் ரத்தம் எடுத்தாக வேண்டும், அதனால் சொல்லாமலும் போய்விடாதீர்கள். கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வாருங்கள். கால்பக்கம் ஆள் இல்லை. தலைப்பக்கம் நான் பிடித்திருக்கிறேன்.