பித்தளை மூடி

சிங்கப்பூர் காலாங் பாலத்தில் ஏறும்போது எஞ்சின் இருமியது. போச்சு என்று நினைத்தேன். போயேவிட்டது.

பின்சீட்டிலிருந்த முதலாளி சாகுல் ஹமீது இறங்கி, கைதட்டி ஒரு ரிக்‌ஷாவைக் கூப்பிட்டார். அதில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் டிரைவரான என்னிடம் வாயைத் திறந்தார். "ஒலி, காரைக் கொண்டாந்து ஷெட்டுல விட்டுரு. நாளைக்கு ரூமக் காலி பண்ணிடு." ஷெட்டுக்குப் பின்னாலிருக்கும் அந்த ஒற்றை அறையில்தான் நானும் என் மனைவி சம்சுன்னிசாவும் இருக்கிறோம். அவளுக்கு எட்டாம் மாசம்.

நாசமாய்ப் போன எஞ்சின்! போன மாதம்தான் பட்டறை மெக்கானிக் தங்கராஜு அதை முழுசாகப் பிரித்துப்போட்டு, பதினோரு நாள் மாரடித்துப் பூட்டிக் கொடுத்தான். அன்றிலிருந்து இதே கூத்து. மூன்று மைல் ஓடும், நிற்கும். பெட்ரோல் தொட்டியின் பித்தளை மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்ப்பேன், பெட்ரோல் இருக்கும். ஹேண்டிலைச் சுற்றினால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். முந்தாநாள் பட்டறையில் எல்லார் முன்னாலும் "வேல தெரியாத பய" என்று தங்கராஜுவைத் திட்டிவிட்டேன். "எம்புள்ள மேல சத்தியமா எஞ்சின்ல கோளாறு இல்ல பாய்" என்றான். பட்டறைக்காரர் அன்றே அவனை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்.

இன்றைக்குக் குச்சி விடக்கூட மனமில்லை. மூடியைத் திருகி ஆத்திரத்தில் ரோட்டில் விட்டெறிந்தேன். ஹேண்டிலைச் சுற்றினேன், வண்டி கிளம்பியது. பிறகு மூடியைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தொட்டி வாயில் கைக்குட்டையைச் சுற்றிவிட்டு ஓட்டினேன். தேக்கா வந்தும் நிற்கவில்லை. ரேஸ்கோர்ஸை இரண்டு சுற்று சுற்றினேன். ம்ஹூம், நிற்கவே இல்லை.

மூடியை எடுத்துப் பார்த்தேன். தொட்டிக்குள் காற்றுப் போக அதன் நடுவில் ஊசித்துளை ஒன்று உண்டு. மஞ்சளாக அடைத்திருந்தது. நகத்தால் சுரண்டினேன். சந்தனம். காற்றுப் போகாமல் பெட்ரோல் எப்படி இறங்கும்? பட்டறையிலிருந்து வண்டி வந்த நாள் முதல் சம்சுன்னிசா விடியலில் மூடியைப் புளி போட்டுத் தேய்த்து, இனி நிற்காமல் ஓடட்டும் என்று நாகூர் தர்கா சந்தனம் ஒரு விரல் தடவுகிறாள். வண்டி நின்ற மறுநாள் கொஞ்சம் கூடுதலாகவே தடவுவாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், பாவி.

ஷெட் வாசலில் தங்கராஜு ஸ்பானர் பையோடு உட்கார்ந்திருந்தான்.

"கோவிக்காதீங்க பாய். இன்னொரு தடவ பிரிச்சுப் பாத்துடறேன். தப்பு எம்மேலதான்னு உங்க மொதலாளிகிட்ட நானே சொல்லிடறேன். சரி பண்ணிட்டா பட்டறையில திரும்பச் சேத்துக்குவாங்களாம்."

அவனே தப்பை ஏற்றுக்கொண்டால் எங்களுக்கு அறை தங்கும். உண்மை தெரிந்தால், என் வீட்டுத் தப்புக்கு முதலாளி எங்களை ஒரு நிமிஷம் வைத்திருக்க மாட்டார். நிறைமாசம் ஆகப்போகிறவளை எங்கே கூட்டிக்கொண்டு போவேன்?

சம்சுன்னிசா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சந்தனக் கிண்ணத்தோடு வெளியே வந்தாள். "மூடி எங்கங்க? இனிமே ரெண்டு வேளையும் தடவிடறேன்."

தங்கராஜு அதற்குள் முதல் போல்ட்டைக் கழற்றிவிட்டான்.

"இதக் கொஞ்சம் புடிங்க பாய்."

நகக்கண்ணெல்லாம் சந்தனம் ஒட்டிய கையை நீட்டினேன்.