மேலே போன பற்கள்

நோரீன் ஆப்பில்பியின் முதல் பல் கீழே விழவில்லை, மேலே போயிற்று. மார்ச் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை காலையில் ரொட்டியைக் கடித்தபோது கடைவாய்ப் பல் ஒன்று வலியில்லாமல் கழன்று, உதட்டைத் தாண்டி, சமையலறை சீலிங்கில் விளக்குக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டது. அவள் கணவன் க்ளைவ் ஏணி போட்டு இழுத்துப் பார்த்தான். வரவில்லை. "விடு, வீட்டுக்குள்ளதானே இருக்கு," என்று சொல்லிவிட்டு ஆறிப்போன தேநீரைக் குடித்தான்.

ஹெல்ம்ஸ்வெய்ட் என்ற சிற்றூரில் பள்ளிப் பேருந்து ஓட்டிய நோரீனுக்கு அப்போது ஐம்பத்தேழு வயது, அவளுடைய சர்க்கரை நோய்க்குப் பதினோரு வயது. அந்தப் பதினோரு ஆண்டும் மருத்துவ நிலையத்தில் தவறாமல் அவள் கண்ணைப் படமெடுத்தார்கள், பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார்கள், ரத்தத்தையும் சிறுநீரையும் குப்பியில் வாங்கிக்கொண்டார்கள். வாயைத் திற என்று ஒருவரும் சொன்னதில்லை. ஈறில் ரத்தம் வந்ததை அவளும் சொன்னதில்லை; அழுத்தித் தேய்க்கிறோம் போல என்று இருந்துவிட்டாள். இரண்டாவது பல் அந்த நிலையத்துச் செவிலி ஷீனாவின் முன்னாலேயே கிளம்பி அந்த அறையின் சீலிங்கில் போய் நின்றது. ஷீனா அண்ணாந்து பார்த்தாள். "அது பல்லு சமாச்சாரம் கண்ணு. என் ஃபாரத்துல வாய்க்குக் கட்டமே இல்ல. பல் டாக்டரப் பாருங்க."

ஊரில் இருந்தது அரசுச் செலவில் பல் பார்க்கும் ஒரே ஒரு மருத்துவமனை. புது ஆட்களை எடுப்பதில்லை என்றாள் வரவேற்பில் இருந்தவள்.

"காத்திருக்கிறவங்க பட்டியல்ல பேரப் போட்டுக்கோயேன்."

"பட்டியலையும் மூடியாச்சுங்க."

"அது தொறந்தா சொல்றதுக்காவது ஒரு பட்டியல் வெச்சிருக்கியா?"

"வெச்சிருந்தோங்க. நெறஞ்சிருச்சு."

இப்படியே மூன்று ஆண்டுகள் போயின, ஏழு பற்களும் போயின. நோரீன் ஊர் வாத்தியக் குழுவில் இருபத்தாறு ஆண்டுகளாக கார்னெட் என்ற சிறிய பித்தளைக் குழல் ஊதியவள். கிறிஸ்துமஸ் கச்சேரியில், பாட்டின் நடுவில், எட்டாவதாக முன்பல் கிளம்பித் தேவாலயத்து உத்தரத்துக்குப் போயிற்று. ஊதினால் காற்றுதான் வந்தது. குழுத் தலைவர் மறுவாரம் அவளிடம் பெரிய மேளத்தைக் கொடுத்தார். முதல் ஒத்திகையிலேயே ஓங்கி அடித்து அதன் தோலைக் கிழித்துவிட்டாள்.

அந்தக் கோபத்தோடுதான் எண்பது மைல் ஓட்டிக்கொண்டு பல் மருத்துவக் கல்லூரி வாசலில் போய் நின்று, பார்க்காமல் போகமாட்டேன் என்றாள். ஹெஸ்டர் என்ற இளம் மருத்துவர் நான்கு தடவை வரச்சொல்லி ஈறுகளை அடிவரை சுரண்டிச் சுத்தம் செய்தாள். "சர்க்கரை ஈறக் கெடுக்குது, கெட்ட ஈறு சர்க்கரைய ஏத்துது. இத உங்களுக்கு யாருமே சொல்லலையா?" நோரீனின் வாய் நிறையக் கருவிகள். அவற்றை எடுக்கும்வரை காத்திருந்து, "சொல்லியிருந்தா நான் ஏம்மா மேளம் அடிக்கிறேன்?" என்றாள்.

மிச்சமிருந்த இருபது பற்களும் அதன்பின் வாயிலேயே தங்கின. சர்க்கரையும் இறங்கியது. ஷீனாவுக்கு ஒரே சந்தோஷம். "நடக்க ஆரம்பிச்சீங்களா?" என்று கேட்டாள். "இல்ல, பல்லப் பாத்தேன்," என்றாள் நோரீன். ஃபாரத்தில் அதற்கு இடமில்லாததால் ஷீனா 'நடைப்பயிற்சி' என்று எழுதிக்கொண்டாள். நோரீன் அந்தப் பேனாவைப் பிடுங்கி, ஓரத்தில் 'பல்' என்று பெரிதாக எழுதிவிட்டு வந்தாள்.

அதற்குள் மற்ற நோயாளிகளின் பற்களும் சேர்ந்து மருத்துவ நிலையத்துக் காத்திருப்பு அறையின் சீலிங் வெளுத்திருந்தது. மேலிடத்திலிருந்து இரண்டு பேர் வந்து பார்த்தார்கள், குறித்துக்கொண்டார்கள், பற்களை மறைக்க அதன் கீழே அட்டையில் ஃபால்ஸ் சீலிங் போட உத்தரவிட்டார்கள். வேலை இரண்டே நாளில் முடிந்தது. பற்கள் இப்போது அந்த அட்டையில் பட்டாணி அளவு ஓட்டை போட்டுக்கொண்டு மேலே போகின்றன. 'டிக்' என்று சத்தம் கேட்டால் அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அவரவர் வாய்க்குள் நாக்கால் ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு, தங்கள் பெயரைக் கூப்பிடும்வரை செய்தித்தாளைப் புரட்டுகிறார்கள்.